பரவையார் வாசலில் நின்ற தூதர்: ஹெர்மீஸும் காவிரி நாடும்

கிரேக்கப் புராணத்து ஹெர்மீஸுக்கு நம்மிடம் நிகர் யார் என்று கேட்டால் உடனே வரும் விடை நாரதர். இது பழைய விடை. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் 1784இல் கிரேக்க, இத்தாலிய, இந்தியத் தெய்வங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். தேவர்களிடையே செய்தி கொண்டு போகிறவர், நாவன்மை மிக்கவர், வீணையைக் கண்டவர் என்று சொல்லி, நாரதரை அதில் ஹெர்மீஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். காவிரிப் படுகையின் கோயில்கள், தலபுராணங்கள், கூத்து, இசை ஆகியவற்றை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த விடை எனக்குப் போதவில்லை. இங்கே ஹெர்மீஸின் வேலைகள் பல பேருக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. அவற்றுள் கடினமான வேலை, வேடம் தரித்து ஒரு மனிதருக்காக இன்னொருவர் வாசலில் தூதாகப் போய் நிற்பது. அதை முழுமுதற் கடவுள் தாமே எடுத்துக்கொண்டார். இதுவே என் துணிபு.

முதலில் ஹெர்மீஸ் யார் என்று பார்த்துவிடலாம். சீயுஸுக்கும் மாயா என்ற தேவதைக்கும் ஆர்க்கேடியா நாட்டுக் கில்லீனி மலைக் குகையில் பிறந்தவன். ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாடல் ஒன்று அவனுடைய முதல் நாளை விரித்துச் சொல்கிறது. விடியலில் பிறந்தான், நண்பகலுக்குள் குகை வாசலில் கண்ட ஆமையின் ஓட்டில் நரம்பு கட்டி யாழ் செய்தான், அந்தி சாய்ந்ததும் அண்ணன் அப்போலோவின் 50 மாடுகளைக் களவாடினான். தடம் பிடிக்க முடியாதபடி மாடுகளைப் பின்னோக்கி நடக்கவிட்டுத் தன் காலில் தழைகளைக் கட்டிக்கொண்டான். பிறகு தொட்டிலுக்குத் திரும்பிப் போர்வைக்குள் சுருண்டு படுத்தான். அப்போலோ தேடி வந்தபோது, நேற்றுப் பிறந்த குழந்தைக்கு மாடு என்றால் என்னவென்று தெரியுமா என்று வாதாடினான். சீயுஸ் சிரித்துவிட்டார். யாழை அண்ணனுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்ட பிறகு ஹெர்மீஸ் மந்தைகளுக்கும் வழிகளுக்கும் காவலன் ஆனான். வணிகர், திருடர், கட்டியம் கூறுவோர், வழிப்போக்கர் எல்லோருக்கும் அவனே தெய்வம். இறந்தவரைக் கீழுலகுக்கு அழைத்துப் போவதும் அவன்தான். ஏதென்ஸ் நகரத்தில் வீட்டு வாசல்களிலும் தெரு முனைகளிலும் அவன் தலை செதுக்கிய கல்தூண்கள் நின்றன. கி.மு. 415இல் ஓர் இரவில் யாரோ அத்தூண்களைச் சிதைத்துவிட, சிசிலிக்குப் படையெடுக்க இருந்த நகரமே கலங்கிப்போனது.

ஒரே தெய்வத்தின் தலையில் இத்தனை வேலை. அறிஞர்கள் இதற்கு இந்தியாவில் வேர் தேடியது உண்டு. 19ஆம் நூற்றாண்டு மொழியியலாளர் அடால்பர்ட் கூன், எமனின் நாய்களான சாரமேயர்களோடு ஹெர்மீஸை இணைத்துப் பார்த்தார். அந்தக் கருத்து பின்னர் நிலைக்கவில்லை. அதைவிட வலுவான ஒப்புமை வேதகாலத்துப் பூஷன். வழிகளைக் காப்பவன், தொலைந்த மாட்டைக் கண்டுபிடித்துத் தருபவன், செத்தவருக்கு வழிகாட்டுபவன் என்று அவனுக்குச் சொல்லப்படும் தொழில்கள் மூன்றும் ஹெர்மீஸின் தொழில்கள். ஆனால் டெல்டாவில் பூஷனுக்கு நேர்ந்த கதி வேறு. தக்கன் வேள்வியில் வீரபத்திரர் அவனுடைய பற்களை உடைத்தார். அந்த வேள்வி நடந்த தலமாக, மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருப்பறியலூரை, இன்றைய பரசலூரை, அட்டவீரட்டங்களுள் ஒன்றாக வணங்குகிறோம். பழைய வழித்தெய்வம் இங்கே தோற்றவர் வரிசையில் போய்விட்டது. வழியும் மந்தையும் வேறு கைகளுக்கு மாறிவிட்டன.

பெயரளவில் பார்த்தால் புதனும் ஒரு விடை. ரோமர் ஹெர்மீஸை மெர்க்குரி என்றார்கள். அவன் பெயரிட்ட கோளே நமக்குப் புதன், அவனுடைய கிழமையே புதன்கிழமை. கோள்களின் பெயரால் ஏழு கிழமை எண்ணும் முறை கிரேக்கச் சோதிடத்தோடு பரவிய ஒன்று. சீர்காழிக்கு அருகே திருவெண்காட்டில் புதனுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. கல்வி வேண்டியும் வாக்கு வேண்டியும் பிள்ளைகளை அங்கே அழைத்துவருகிறார்கள். சில மைல் கிழக்கே போனால் பூம்புகார்; அங்கே யவனர் குடியிருப்பு இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இந்த நெருக்கத்தைக் கண்டு யாரும் ஆசைப்படலாம். ஆனால் சந்திரனுக்கும் தாரைக்கும் பிறந்த நம் புதனின் கதையில் தூதும் இல்லை, களவும் இல்லை, வழித்துணையும் இல்லை. கோள் ஒன்று, தெய்வம் வேறு. எனவே கடன் வாங்கிய கதையை இங்கே தேட வேண்டியதில்லை.

திருவெண்காட்டை விட்டுக் கிளம்புமுன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவ்வூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் செப்புத் திருமேனி ஒன்று இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. காளையின் மேல் கை ஊன்றி நிற்கும் சிவன். காளை இன்று அங்கில்லை. கை மட்டும் காற்றில் சாய்ந்திருக்கிறது. பாம்புகளைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை ஒசித்துவைத்து, மாடு மேய்க்க வந்த இளைஞனைப் போல நிற்கிறார். எந்த ஊர்த் தெருவிலும் கலந்துபோகக்கூடிய கடவுள் என்று அந்தச் சிற்பி நினைத்திருக்க வேண்டும். பின்னால் வரப்போகும் கதைகளுக்கு இந்த உருவம் பொருந்தும்.

நாரதரிடம் வருவோம். டெல்டாவில் அவருக்குக் குறையில்லாத மரியாதை உண்டு. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் (1767–1847) அவரைத் தம் குருவாகவே கொண்டு கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். நாரதரே துறவி வடிவில் வந்து இசைநூல் ஒன்றைத் தியாகராசர் கையில் கொடுத்துப் போனார் என்பது அவருடைய சீடர் மரபில் வழங்கும் செய்தி. மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ஆடப்படும் பிரகலாத சரித்திரக் கதையில், கருவிலிருந்த குழந்தைக்கே உபதேசம் சொன்னவர் அவர். கைலாயத்துக்கு மாம்பழம் கொண்டு வந்து, அண்ணன் தம்பிக்குள் போட்டியை மூட்டி, முருகன் மலையேறக் காரணமானவரும் அவரே. கலகம் நன்மையில் முடியும் என்ற பேச்சு அவரைச் சுற்றியே எழுந்தது.

ஆனாலும் நாரதர் ஹெர்மீஸ் அல்லர். அவர் எதையும் திருடுவதில்லை. பிறரைச் செயல்பட வைக்கிறார், தாம் கையை நீட்டுவதில்லை. சந்தை, எல்லை, வாசல், வழி ஆகியவற்றில் எதற்கும் அவர் காவலர் இல்லை. காவிரிக் கரையில் யாரும் பயணம் புறப்படும்போது நாரதரை நினைத்துக்கொண்டு புறப்படுவதில்லை. இசையிலும் வேறுபாடு தெரிகிறது. ஹெர்மீஸுக்கு யாழ் ஒரு பண்டமாற்று. செய்த மறுநாளே மாட்டுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டான். நாரதர் வீணையைக் கீழே வைத்ததாகக் கதையே இல்லை. ஒற்றைப் பலாமரத்தில் குடைந்து ஏகாந்த வீணை செய்யும் தஞ்சாவூரில் இந்த வேறுபாட்டைச் சொன்னால் உடனே புரியும். அங்கே வீணை ஒரு வாழ்நாள் துணை.

கட்டியம் கூறுவோருக்கும் ஹெர்மீஸே தெய்வம் என்றேன். அந்த மரபு டெல்டாவில் கூத்து மேடையில் இருக்கிறது. மெலட்டூரில் முதலில் கோணங்கி வந்து ஆடிச் சபையை அடக்குகிறான். கட்டியக்காரன் வருவோரை அறிவிக்கிறான். யானை முகம் பூண்ட சிறுவன் பிள்ளையாராக வந்து அருள்கிறான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சியிலும் கட்டியக்காரனுக்கு இடம் உண்டு. இவர்கள் தெய்வங்கள் அல்லர், வாசலைத் திறந்து விடுகிறவர்கள். இதற்கு மேல் இங்கே விரிக்க வேண்டாம்.

பிள்ளையார்தான் உண்மையான போட்டியாளர். ஹெர்மீஸின் முதல் நாள் குறும்பை ஒரு டெல்டாக்காரரிடம் சொன்னால் அவர் நினைவுக்குப் பிள்ளையாரே வருவார். குடகில் அகத்தியர் கமண்டலத்தில் அடைத்து வைத்திருந்த நீரைக் காகமாக வந்து கவிழ்த்துவிட்டவர் அவர். காவிரி அப்படித்தான் பிறந்தாள் என்கிறது புராணம். நம் நெல்லுக்கும் வாழைக்கும் வெற்றிலைக்கும் அடியில் ஒரு தந்திரம் இருக்கிறது என்று நம்பிய மக்கள் நாம். டெல்டாவின் தலைவாசலில் இன்னொரு கதை. அரங்கநாதர் திருவுருவோடு இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்த வீடணன், காவிரிக் கரையில் சந்தி செய்ய இறங்கும்போது, அங்கு நின்ற சிறுவனிடம் அதைக் கொடுத்தான். சிறுவன் தரையில் வைத்துவிட்டு ஓடினான். வைத்த இடம் திருவரங்கம், ஓடி ஏறிய இடம் திருச்சி மலைக்கோட்டை, அங்கிருப்பவர் உச்சிப் பிள்ளையார். துரத்தி வந்த வீடணன் அவர் தலையில் குட்டினான் என்றும் சொல்வார்கள். இலங்கைக்குப் போக வேண்டிய கடவுளை நமக்காகத் தடுத்து நிறுத்திய சிறுவன் என்று பார்த்தால், இது ஹெர்மீஸின் மாட்டுக் களவை விடப் பெரிய களவு.

மற்ற வேலைகளிலும் அவர் பொருந்துகிறார். முச்சந்தியில், படித்துறையில், குளக்கரையில், அரசமரத்தடியில் அவரே இருக்கிறார். கிராமத்து எல்லையை மட்டும் ஐயனாரும் கருப்பரும் பார்த்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் புதுக்கணக்கில் முதலில் பிள்ளையார் சுழி போடுகிறார். திருடிக்கொண்டு வந்து வைத்த பிள்ளையாருக்குச் சக்தி அதிகம் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வெகுநாள் இருந்தது. திருவாரூரிலோ அவர் பொன்னுக்கு மாற்றுப் பார்த்தவர். சிவனடியாரான சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். அந்தப் பொன்னை உரைத்துத் தரம் சொன்னவர் என்று அக்குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையாரை வணங்குகிறார்கள். வணிகத்துக்கு நேர்மையான ஒரு சாட்சி தேவை. அந்த இடத்தில் நம்மவர் பிள்ளையாரை வைத்தார்கள், கிரேக்கர் ஹெர்மீஸை வைத்தார்கள்.

மன்னார்குடி இராசகோபாலரையும் மறக்க முடியாது. கையில் செண்டு பிடித்த மாட்டுக்கார இளைஞராக நிற்கும் பெருமாள் அவர். பங்குனிப் பெருவிழாவின் வெண்ணெய்த்தாழி உற்சவத்தில் தவழும் கண்ணனாக வீதிக்கு வருபவர் மேல் ஊர் மக்கள் வெண்ணெயை எறிகிறார்கள். திருடிய பிள்ளைக்குத் திருட்டுப் பொருளையே காணிக்கையாக்கும் விழா இது. பாண்டவருக்காகத் தூது போனவரும் கண்ணனே என்றாலும், அது அரசர் அவைக்குப் போன அரசியல் தூது. அந்தத் தூதுக்குரிய கோயில் காஞ்சித் திருப்பாடகத்தில் இருக்கிறது.

களவு, குறும்பு, வாசல், வணிகம் இவ்வளவுக்கும் விடை கிடைத்துவிட்டது. தூது மிச்சம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்நாழியில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் சுந்தரர் கதை விரிவாகத் தீட்டப்பட்டிருக்கிறது. திருமணப் பந்தலுக்குள் ஒரு முதியவர் ஓலையோடு நுழைந்து, மாப்பிள்ளை தனக்கு அடிமை என்கிறார். கோபம் கொண்ட மாப்பிள்ளை நம்பி ஆரூரர் (சுந்தரர்) ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்று முதியவர் எடுத்து நீட்டுகிறார். பாட்டனாரின் வேறு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்த சபையார் முதியவருக்கே தீர்ப்புச் சொல்கிறார்கள். உமது வீடு எங்கே என்று கேட்டால், கோயிலுக்குள் போய் மறைகிறார். ஒரு பேரரசன் தன் பெருங்கோயிலின் நடு அறைக்கு வெளியே, இறைவனின் ஏமாற்று வித்தையை வரையச் சொல்லியிருக்கிறான் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. 1976இல் தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்து வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்ட நடராசர் சிலைக்காக, பத்தூர்க் கோயிலின் சிவலிங்கமே இலண்டன் நீதிமன்றத்தில் உரிமை கோரும் தரப்பாக ஏற்கப்பட்டது. சிலை 1991இல் திரும்பியது. வழக்காட வந்த கடவுள் என்பது நம் வரலாற்றில் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை.

பேரளம் பூந்தோட்டம் பக்கத்து அம்பர் மாகாளத் தலவரலாறு இதைவிடத் துணிச்சலானது. தாம் செய்யும் வேள்விக்குத் திருவாரூர்த் தியாகேசர் நேரில் வர வேண்டும் என்று சோமாசிமாற நாயனார் விரும்பினார். சுந்தரரின் மனைவி பரவையார் வீட்டுக்குத் தவறாமல் தூதுவளைக் கீரை கொடுத்துச் சுந்தரரின் நட்பைப் பெற்று, அவர் மூலமாக விண்ணப்பித்தார். தியாகேசர் வந்தார். புலையர் வேடத்தில், தோளில் செத்த கன்றும் கையில் பிடித்த நாய்களுமாகப் பறை முழங்க, தலையில் கள்குடம் சுமந்த மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்தார். வேள்வி கெட்டதென்று அந்தணர்கள் ஓடினார்கள். நாயனாரும் மனைவி சுசீலையாரும் மட்டும் நின்று வணங்கினார்கள். வைகாசி ஆயில்யத்தில் இந்த நிகழ்ச்சி இன்றும் விழாவாக நடக்கிறது. ஏமாற்றுகிற தெய்வம் யாரைச் சோதிக்கிறது என்று பாருங்கள். ஹெர்மீஸின் தந்திரம் அவனுக்கு ஒலிம்பஸில் இடம் வாங்கித் தந்தது. இங்கே தந்திரம் செய்பவருக்குப் பெற வேண்டியது ஒன்றுமில்லை. வேள்விச் சாலையில் யாருக்கு இடம் உண்டு என்ற கேள்விக்கு ஊரார் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இனி தூது. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரை மணக்கும்போது, பிரிந்து போகமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழமரத்தடியில் போய் இரும் என்று அவர் இறைவனிடம் கேட்டுக்கொண்டார். இறைவன் சம்மதித்தார்; சம்மதித்த கையோடு சங்கிலியாரின் கனவில் போய், மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டார். தோழனை இருபுறமும் கட்டிப்போட்ட தந்திரம். சத்தியத்தை மீறிப் புறப்பட்ட சுந்தரர் கண்களை இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் திரும்பின. ஆனால் திருவாரூரில் பரவையார் கதவு திறக்கவில்லை. சங்கிலியாரை மணந்தவருக்கு இங்கே என்ன வேலை என்று ஊடினார்.

நள்ளிரவில் சுந்தரர் இறைவனையே தூது போகச் சொன்னார். இறைவன் தம்மைப் பூசிக்கும் அர்ச்சகர் உருவில் திருவாரூர்த் தெருவில் நடந்து போய்ப் பரவையார் வாசலில் நின்றார். பரவையார் மறுத்தார். தூதர் வெறுங்கையோடு திரும்பினார். சுந்தரர் அழுதார், மறுபடி போகச் சொன்னார். இரண்டாம் முறை இறைவன் தம் சொந்த உருவில், தேவரும் பூதகணமும் சூழப் போனார். அப்போதுதான் பரவையார் இணங்கினார். முதல் தூது தோற்றது என்பதைப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் மறைக்கவில்லை. வேடத்தில் போனபோது தோற்று, உள்ளபடி போனபோது வென்றவர் இந்தத் தூதர். ஏமாற்றுவித்தையில் ஊறிய கடவுளுக்கு, ஒரு பெண்ணின் நியாயமான கோபத்துக்கு முன்னால் அந்த வித்தை பலிக்கவில்லை.

இலியத் காவியத்தின் 24ஆம் பகுதியை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மகனின் உடலை மீட்கப் போகும் கிழ அரசன் பிரியாமை, இரவில் பகைவர் பாசறைக்குள் கூட்டிப்போகிறான் ஹெர்மீஸ். இளம் வீரன் போல வேடம் போட்டிருக்கிறான். காவலரை உறங்க வைக்கிறான். கனத்த கதவின் தாழை நீக்குகிறான். அகிலிஸின் குடில் வாசலில் தான் யாரென்று சொல்லிவிட்டுத் திரும்புகிறான். மனிதர் ஒருவர் கடவுளை இப்படி வெளிப்படையாக வரவேற்பது முறையாகாது என்பது அவன் சொல்லும் காரணம். அவன் அங்கே போனதும் தந்தை சீயுஸின் ஏவலால். எல்லை கடப்பவனுக்கும் ஓர் எல்லை இருந்தது. அதை அவன் மதித்தான்.

அதே காரணத்தைக் காவிரி நாட்டில் ஒரு மனிதர் சொன்னார். பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமர். ஆண்டவனை ஒரு பெண்ணிடம் தூதாக ஏவியவன் தொண்டனா என்று கொதித்தார். சுந்தரரைக் காணும் நாளை எண்ணி உள்ளம் எரிந்தார். இறைவன் அவருக்குச் சூலை நோயைக் கொடுத்து, சுந்தரனே வந்து தீர்ப்பான் என்றார். அவன் கையால் தீர்வதை விட இறப்பது மேல் என்று கலிக்காமர் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். வந்து பார்த்த சுந்தரர் அதே வாளை எடுத்துத் தம்மை மாய்த்துக்கொள்ளத் துணிய, கலிக்காமர் இறையருளால் உயிர்த்தெழுந்து அவர் கையைப் பிடித்தார். இருவரும் நண்பர் ஆனார்கள். கோபித்தவரும் நாயனார், கோபத்துக்குக் காரணமானவரும் நாயனார். கடவுள் தூது போகலாமா என்ற கேள்வியைத் தமிழ் மரபு மூடிமறைக்காமல், இரண்டு பக்கத்தையும் அறுபத்துமூவர் வரிசையில் ஏற்றி வைத்திருக்கிறது. ஒப்பாய்வு செய்தவர்கள் நாரதரோடு நின்றுவிட்டதால் இந்த இடம் அவர்கள் கண்ணில் படாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

சாவுக்கு வழிகாட்டும் வேலையை இங்கே யாரும் விரும்பி ஏற்கவில்லை. திருக்கடையூரில் எமனை உதைத்தார் இறைவன். திருவாஞ்சியத்தில் எமனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. எமனே இறைவனுக்கு வாகனமும் ஆகிறான். கிரேக்கத்தில் பரிவோடு கைப்பிடித்துக் கூட்டிப்போகும் ஹெர்மீஸுக்கு ஈடான உருவம் டெல்டாவில் இல்லை. அந்த இடத்தில் கிரேக்கரின் கற்பனை மென்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம் பெரியபுராணத்தின் நீண்ட பகுதிகளுள் ஒன்று. சுந்தரர் வாழ்க்கையின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. நம் கல்லூரிகளில் ஒப்பிலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இலியத்தின் 24ஆம் பகுதியையும் இந்தப் புராணத்தையும் ஒரே பருவத்தில், ஒரே வகுப்பில் பாடமாக வைக்க வேண்டும். திருவாரூருக்கும் பெருமங்கலத்துக்கும் மாணவர்களை அழைத்துப்போவது அந்தப் பாடத்தின் பகுதியாக இருக்கட்டும்.